சகலைக்குக் காட்டப் போன கார்

எனக்கும் என் சகலைக்கும் ஒரே மாடல் பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் இன்ஜின் வேலை பார்த்தோம். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வுதான் கிடைக்கவில்லை. அதைத் தயாரிப்பதையே நிறுத்திப் பல வருடமாகிவிட்டது. திடீரென்று ஒருநாள் அவர் கார் மட்டும் ஓட ஆரம்பித்தது. எனக்கு வயிறு எரிந்தது. வால்வு எங்கே கிடைத்தது என்று கேட்க மனசு வரவில்லை. அவர் வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

விருதுநகரில் பழைய சாமான் கடையில் ஒரு வால்வு அகப்பட்டது. “அண்ணாச்சி, இது வேற வண்டியோடது” என்று கடைக்காரர் சொன்னதைக் காதில் வாங்காமல் மாட்டினேன். சகலையிடம் காட்டியே தீர வேண்டுமென்று, ஏழாயிரம்பண்ணையில் அவர் நடத்தும் பட்டாசு ஆலைக்கே ஓட்டிப் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் பாய்ந்து மறித்தார். “இஞ்சின அணைங்கய்யா! அடியில பெட்ரோல் ஒழுகுது. தீப்பெட்டியவே உள்ள விட மாட்டோம், இதக் கொண்டாந்திருக்கீகளே!”

நான் இன்ஜினை அணைப்பதற்குள் சத்தம் கேட்டுச் சகலையும் ஓடி வந்தார். காரை ரோட்டுக்குத் தள்ளிய பிறகு, சகலை ஆபீசுக்குள் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

“ரெண்டு வால்வு கெடச்சது சகலை. ஒண்ணு ஒங்களுக்குன்னு வச்சிருந்தேன். நீங்கதான் வீட்டுப் பக்கமே வரல.”

இப்போதெல்லாம் எந்தப் பாகம் தேடினாலும் முதல் போன் அவருக்குத்தான். அவர் கார் ஒரே ஸ்டார்ட்டில் கிளம்பும்போது மட்டும் இன்னும் வயிறு எரிகிறது. அதற்குத்தான் எங்கேயும் பார்ட்ஸ் கிடைக்கவில்லை.