மதாம் புல்லும் அஞ்சலாட்சியின் கற்றாழையும்

அஞ்சலாட்சியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அவளுடைய கற்றாழையில்தான் தொடங்க வேண்டும். கெட்டதாகச் சொல்ல வேண்டுமென்றாலும் அதே கற்றாழைதான். குருசுக்குப்பத்தை ஒட்டிய எங்கள் தெருவில் அவள் வீடும் என் வீடும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். பொறாமைப்பட்டால் அதைவிட நன்றாகவே கேட்கும்.

காலாப்பட்டுக்கு மேற்கே மணிலா, அதாவது நிலக்கடலைக் கொல்லை வைத்திருந்த குடும்பத்துப் பெண் அவள். பஞ்சாலையில் வேலை பார்த்த கோவிந்தசாமிக்கு வாழ்க்கைப்பட்டுப் புதுச்சேரிக்கு வந்தபோது, சீர்ப் பாத்திரங்களோடு அப்பன் கொல்லை வேலியிலிருந்து ஒரு கற்றாழைக் கன்றையும் பிடுங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் தெரு மண் வெறும் கடல் மணல். காற்றோ உப்புக் காற்று. ரோஜா வைத்தவர்கள் எல்லாம் வைத்த கையோடு அழுதுவிட்டுப் போனார்கள். செம்பருத்திகூட இலை சுருண்டு செத்தது. இந்தக் கற்றாழை மட்டும் யாரையும் எதுவும் கேட்காமல் வாசலுக்கு இரண்டு பக்கமும் புதர் புதராக மண்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

தெருவில் யாருக்குக் கை சுட்டாலும், கண் எரிந்தாலும், உடம்பு சூடு கண்டாலும், அஞ்சலாட்சி வாசலில்தான் போய் நிற்பார்கள். அவளும் கொடுப்பாள். சும்மா கொடுக்க மாட்டாள், பேச்சோடு கொடுப்பாள்.

"அடி மடலா பாத்து அறு. குருத்துல கைய வெச்ச, உன் கைய நான் அறுத்துடுவேன்" என்பாள்.

மடல் யாருக்கும் தருவாள். வேரோடு ஒரு கன்று மட்டும் யாருக்கும் தந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், தபால்காரர், உப்பு விற்கிறவள் எல்லோருக்குமே எங்கள் தெருவில் அடையாளம் 'கத்தாழ வூடு'தான். "கத்தாழ வூட்டுக்குப் பக்கத்து வூடு" என்று என் வீட்டுக்கே அதை வைத்துத்தான் வழி சொல்வார்கள். அதில் அஞ்சலாட்சிக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. நகை நட்டு இல்லாதவள், பிள்ளை குட்டி இல்லாதவள். அவளுக்கென்று ஊரில் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

கமலவேணி எதிர்வீட்டுக்காரி, வயதில் சின்னவள். அவள் அப்பா ஒரு வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் சமைத்துப் போடும் குசினிக்காரராக இருந்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. போகிறவர்கள் வேலைக்காரர்களுக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒருவருக்கு ஆளுயரக் கண்ணாடி கிடைத்தது, ஒருவருக்குச் சாய்வு நாற்காலி, ஒரு பாவப்பட்டவருக்கு நாய். ஐம்பத்தேழில் அந்த டாக்டரின் பெண்சாதி, எங்கள் பேச்சில் மதாம், புறப்படும்போது, என்ன வேண்டுமென்று குசினிக்காரரைக் கேட்டாளாம். அவர் மகளைக் கேட்டார். மகள் அந்த வீட்டுத் தோட்டத்துப் புல் வேண்டுமென்றாள்.

நானும் சிரித்தேன். தேக்கு மேசை கேட்டிருக்கலாம், பீங்கான் தட்டு கேட்டிருக்கலாம். மாடு தின்கிற புல்லைப் போய்க் கேட்டாளே என்று தெருவே சிரித்தது. அதிகம் சிரித்தவள் அஞ்சலாட்சி.

அவள் வாசலில் நட்ட அந்தப் புல் பூத்த அன்றைக்குத்தான் சிரிப்பு நின்றது. இடுப்பளவு உயரத்தில் தூராகக் கிளம்பி, சோளத்தட்டை மாதிரி தட்டை தட்டையாக வெளியே வளைந்து, ஒவ்வொரு தட்டை நுனியிலும் அணில் வால் போல ஒரு பூ. செந்நிறமுமில்லை, வெள்ளையுமில்லை. சாயங்காலக் கடல்காற்று வந்தால் தூர் மொத்தமும் ஒரே பக்கம் சாய்ந்து ஒன்றாக நிமிரும். 'மதாம் புல்' என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது, அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் அது லேசில் வளர்கிற புல் இல்லை. காலையிலும் சாயங்காலமும் தெருக்குழாயில் கமலவேணி குடம் குடமாகப் பிடித்து ஊற்றுவாள். ஒருவேளை தவறினால் நுனி கருகிப்போகும்.

எனக்கு இரண்டுமே பிடிக்காது. என் வாசலில் அந்த இடத்தில் நான் அவரைக்கொடி போட்டேன், வாரம் ஒரு குழம்புக்கு ஆயிற்று. ஒன்று முள்ளும் கசப்புமாக இருக்கிறது, ஒன்று பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நாள் முழுக்க நெளிகிறது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

மாசி மகத்துக்குச் சாமிகள் எங்கள் தெரு வழியாகத்தான் கடலுக்குப் போகும். அந்த வருஷம் சாமி போன பிறகும் கூட்டம் போகவில்லை. கமலவேணி வாசலில் நின்று புல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எதிரே நின்ற கற்றாழையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒரு வெளியூர்க்காரர் என்னிடம் "கத்தாழ வூடு எதும்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வேறு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்.

"தோ, இந்தப் புல்லு வூட்டுக்கு எதிர் வூடு."

அஞ்சலாட்சி முறத்தோடு வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் கை நின்றதை நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எனக்குத் தினமும் பூசைதான்.

"பாத்தியாக்கா, புல்லாம் புல்லு. ஒரு புண்ணுக்கு ஆவுமா? ஒரு காய்ச்சலுக்கு ஆவுமா? சும்மா ஆடிக்கினு நிக்கிது. அவளாட்டமே."

"உனக்கு இன்னாத்துக்குடி வயிறு எரியுது?"

"எனக்கு இன்னாத்துக்கு எரியணும்? தெருத் தண்ணியெல்லாம் அவ புல்லுக்கே போவுதேன்னு சொன்னேன்."

அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. எனக்கே புகை அடித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஒருநாள் கமலவேணி அரிவாளை எடுத்து அந்தப் புல்லை முழங்காலுக்குக் கீழே மொட்டையாக அறுத்துப் போட்டாள். அஞ்சலாட்சி என் வீட்டுக்கே ஓடி வந்தாள். "காரியம் முடிஞ்சுதுக்கா, செத்துப்போச்சு!" என்று சொன்ன முகத்தில் அப்படியொரு களை. அன்றைக்குப் பாயசம் வைத்து எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். அறுத்தால்தான் அந்தப் புல் தழையும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. அடுத்த மாதமே முன்னைவிட இரண்டு பங்கு தூர் கட்டி நின்றது. பாயசம் குடித்த பாவத்துக்கு அவள் புலம்பலையும் நானே கேட்டேன்.

இந்த நேரத்தில்தான் கமலவேணி தெருவைக் கடந்து அஞ்சலாட்சி வாசலுக்கே வந்தாள்.

"அக்கா, வாசல்ல கட்டறதுக்கு வேரோட ஒரு கத்தாழ குடுங்கக்கா. வரவங்க போறவங்க கண்ணெல்லாம் படுது. நேத்து நாலு தட்டை வாடிப்போச்சு."

கண் திருஷ்டிக்கு வேரோடு பிடுங்கிய கற்றாழையை மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நிலைப்படிக்கு மேலே தலைகீழாகக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். யாருக்கும் கன்று தராத அஞ்சலாட்சி அன்றைக்குத் தந்தாள். தர மாட்டேன் என்று சொன்னால், அது எந்தக் கண் என்று தெருவுக்கே தெரிந்துவிடுமே! ஆனாலும் மனசு வரவில்லை. புதருக்கு அடியில் நோஞ்சானாகக் கிடந்த ஒன்றைத் தேடிப் பிடுங்கி, பாதி காய்ந்த அதை அவள் கையில் கொடுத்து, "நல்லா கட்டும்மா" என்றாள்.

அதன் பிறகு ஒரு யோசனை அவளைப் பிடித்துக்கொண்டது. வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றுவதால்தானே அந்தப் புல்லுக்கு இந்த வாழ்வு? ஒரு சொட்டும் குடிக்காமலே இப்படி நிற்கிற தன் கற்றாழைக்கும் ஊற்றினால்? பூ வைக்கும், ஆளுயரம் எழும், தெரு மறுபடி இந்தப் பக்கம் திரும்பும். மறுநாளே குடத்தைத் தூக்கிவிட்டாள். காலையில் கமலவேணி ஒரு குடம் ஊற்றினால் இவள் இரண்டு ஊற்றினாள். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், புண்ணாக்குக் கரைசல் எல்லாமே கற்றாழைக்குத்தான். கோவிந்தசாமிக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லாத நாளும் உண்டு.

"ஏண்டி, அது கத்தாழடி. அத சும்மா விட்டாதான் அதுக்கு நல்லது" என்று நான் சொன்னேன்.

"நீ அவரய பாருக்கா" என்று வாயை அடைத்துவிட்டாள்.

முதலில் மடல்கள் தடித்துப் பளபளவென்றுதான் வந்தன. எதிர்வீட்டுக்குக் கேட்கட்டும் என்று அவள் உரக்கப் பேசினாள். பிறகு அடி மடல்கள் மஞ்சளாகி வழவழத்தன. தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் ஊற்றினாள். ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு முன்பு இரண்டு பக்கப் புதரும் அழுகிச் சரிந்து நாற்றமெடுத்தன. அவள் கூடையில் வாரிக் குப்பையில் கொட்டியபோது அழவில்லை, திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தீபாவளியன்று அதிரசம் சுட்ட எண்ணெய் தெறித்து, கடைசி வீட்டு வீராயிக்குக் கை வெந்துவிட்டது. பழக்கத்தில் நேராக அஞ்சலாட்சி வாசலுக்கு ஓடி வந்து, "அக்கா, ஒரு மடலு!" என்று கத்தினாள். வாசலில் ஈர மணல்தான் இருந்தது. அஞ்சலாட்சி வெறும் கையோடு நின்றாள். சத்தம் கேட்டு வெளியே வந்த கமலவேணி, முக்காலி போட்டு ஏறி, நிலைப்படிக்கு மேலே தொங்கிய கற்றாழையிலிருந்து ஒரு மடலை அறுத்தாள். மண்ணில்லாமல், தண்ணீரில்லாமல், தலைகீழாகத் தொங்கிய அந்த நோஞ்சான், குருத்தை மேல்நோக்கி வளைத்துக்கொண்டு பச்சைப்பசேலென்று இருந்தது. வீராயி கையில் கற்றாழைச் சோற்றை வழித்துத் தடவியவள் கமலவேணி. இனிமேல் மடலுக்கும் மக்கள் அந்த வாசலுக்குத்தான் போவார்கள். அஞ்சலாட்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பன் ஊரிலிருந்து வேறு கன்று கொண்டுவரலாமே என்று நான் கேட்டேன். வேலியை எல்லாம் அழித்து அண்ணன் சவுக்கு போட்டுவிட்டான் என்றாள். ஆக, அவள் அப்பன் கொல்லைக் கற்றாழையில் மிச்சமிருந்தது எதிர்வீட்டு நிலைப்படியில் தொங்கிய அது ஒன்றுதான். மறுநாள் காலையில் "என்கூட வாக்கா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

கமலவேணி புல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கத்தாழய எனக்குக் குடுக்கறியா?" என்றாள் அஞ்சலாட்சி.

"எடுத்துக்குங்கக்கா. உங்களுதுதான."

இதோடு வந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"எங் கண்ணுக்குத்தான அத கட்டின?"

கமலவேணி குடத்தைக் கீழே வைத்தாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஆமாக்கா. வேற யாரு கண்ணு? நல்லாவும் பலிச்சுது. உங்க கண்ணு எம் புல்லு மேல வுழவே இல்ல. திரும்பிப் போயி உங்க கத்தாழ மேலயே வுழுந்துட்டுது."

முடியைப் பிடித்துக்கொள்வார்கள், விலக்கத் தயாராக வேண்டும் என்று நான் நடுவில் நகர்ந்தேன். அஞ்சலாட்சி அந்தப் புல்லைப் பார்த்தாள். காற்றில் அது பாட்டுக்குச் சாய்ந்து நிமிர்ந்தது.

"கயித்த அறும்மா" என்றாள்.

கொண்டுவந்து பழைய இடத்திலேயே நட்டாள். ஒரு சொட்டு ஊற்றவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிவிடக் கூடாதென்று சுற்றிலும் மணலைக் குவித்துவிட்டாள். அடுத்த வருஷம் பக்கத்தில் கன்று வெடித்தது. வீராயி வகையறாக்கள் மறுபடி மடலுக்கு வந்தார்கள். வழி கேட்பவர்களுக்கு இன்னமும் புல்லு வீட்டைத்தான் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் சுருங்கத்தான் செய்கிறது.

கன்று கொஞ்சம் தேறியதும் ஒரு வெள்ளிக்கிழமை அதை வேரோடு பிடுங்கினாள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். கமலவேணிக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை. தன் வீட்டு நிலைப்படியில், தெருப் பக்கம் விட்டுவிட்டு உள்பக்கமாக ஆணி அடித்தாள்.

ஆலைக்குப் புறப்பட்ட கோவிந்தசாமி நெற்றியில் இடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாடி இது? திருஷ்டிக் கத்தாழய வெளிய பாத்து கட்டாம உள்ள பாத்து கட்டிக்கிற?"

"வெளிய இருக்கற கண்ணுக்கு இல்லீங்க, எங் கண்ணுக்கு" என்றாள் அஞ்சலாட்சி, முடிச்சை இறுக்கிக்கொண்டே. "அது வெளிய போவாம இருக்கட்டும்."