மரம் மரக் குவியலுக்கு

நகசே குனிஹிரோ அந்தக் கட்டிடத்தை இடிக்கப் போன முதல் நாள் காலையில், வாசலில் பூட்ஸைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கும்படி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு உள்ளே போனார். பின்னால் வந்த இரண்டு ஆட்களும் நின்று பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னான்:

"என்ன அண்ணே, தரை அழுக்காயிடும்னு பயமா? மத்தியானத்துக்குள்ள தரையே இருக்காதே!"

நகசே குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் அந்த வாசலில் செருப்பைக் கழற்றிய கால்கள். அவரைக் கேட்காமலே கழற்றிவிட்டிருந்தன.

"சிரிச்சு முடிச்சிட்டு கடப்பாறையை எடுங்கடா" என்று சொல்லிவிட்டு, திரும்பி வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

அது ஹதானோ குழு என்ற அடியாள் கும்பலின் அலுவலகம். வகமட்சு துறைமுகத்தில் மூன்று மாடி, ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புத் தகடு. ஒரு காலத்தில் அறுபது பேர் அங்கே சாப்பிட்டுத் தூங்கினார்கள். போன வருஷம் மிச்சம் மூன்றே பேர். ஒருவன் சிறையில், ஒருவன் ஆஸ்பத்திரியில், மூன்றாவது ஆள் தலைவர் ஹதானோவே. நீதிமன்றம் கட்டிடத்தை விற்க வைத்தது. எண்பத்தோரு வயதில் ஹதானோ மகள் வீட்டின் பின்னறைக்குக் குடிபோனார்.

நகசே 1961இல் சுரங்கத் தொழிலாளிக்குப் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் போகும் வயதில் சுரங்கத்தை மூடினார்கள். பத்தொன்பது வயதில் ஹதானோவின் கையிலிருந்து சாக்கே மதுக் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து ஹதானோ அவருக்கு அப்பா. பெற்ற அப்பாவை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே இவரையும் கூப்பிட்டார். மீன் சந்தையில் அடிதடி, இரண்டு முறை சிறை, வருஷக் கடைசியில் கடை கடையாகப் போய்ப் புத்தாண்டு வைக்கோல் தோரணத்தை நாலு மடங்கு விலைக்கு விற்பது, எல்லாம் செய்தார். முப்பத்தைந்தாவது வயதில் குழு வழக்கப்படி ஒரு தப்புக்கு மன்னிப்பாக இடது கைச் சுண்டு விரலை வெட்டி, துணியில் சுற்றி, ஹதானோவின் முன்னால் வைத்தார். தப்பு செய்தது அவர் இல்லை. ஹதானோவின் மகன்.

2018இல் குழுவை விட்டு வெளியே வந்தார். வந்தபின் அஞ்சு வருஷத்துக்குச் சட்டம் ஆளை இன்னும் குழுவில் இருப்பவனாகத்தான் கணக்கு வைத்தது. வங்கிக் கணக்கு கிடையாது, போன் கிடையாது, வாடகை வீடு கிடையாது. இடிப்பு வேலைக் கம்பெனி நடத்தும் தொமொயே அம்மாள் மட்டும் "கல்லு தூக்க அஞ்சு விரலும் வேணும்னு சட்டம் இருக்கா?" என்று கேட்டுச் சேர்த்துக்கொண்டாள். கம்பெனிக் கிடங்கின் மேலே ஒரு அறையும் கொடுத்தாள். தோண்டு இயந்திரம் ஓட்டும் சான்றிதழை நகசே அங்கேதான் படித்து வாங்கினார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

இந்த வேலைக்கு மட்டும் ஒரு சிக்கல் வந்தது. தெருச் சங்கத் தலைவர் குசுமோட்டோ, முடி திருத்துபவர், தொமொயேயிடம் இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிற வழி, நகசேயின் விரலில்லாத கை வெளியே தெரியக் கூடாது. உள்ளே கூடத்தில் தொங்கும் குழுவின் பெயர்ப் பலகையை நகசேதான் சம்மட்டியால் எல்லார் முன்னாலும் உடைக்க வேண்டும். மாட்டேன் என்றால் அவன் இன்னும் அவர்கள் ஆள்தான், அவனை வேலையை விட்டே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சங்கம் நகராட்சிக்குப் புகார் எழுதும், கம்பெனிக்கு இனி ஊர் வேலை வராது.

தொமொயே கையுறையின் சுண்டு விரலில் பஞ்சை அடைத்து நீட்டியபோது நகசேயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு நாள்தான் நகசே அண்ணே. பதினோரு பேரு சம்பளம் இதுல இருக்கு."

"தெரியும்மா" என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

பத்து மணிக்குப் பலகையை வெளியே கொண்டுவந்து இரண்டு மரக்கட்டைகளின் மேல் கிடத்தினார்கள். கெயாகி என்ற கெட்டி மரம், ஆள் உயரம், பொன்னெழுத்து. தெருவில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். எல்லார் கையிலும் போன். குசுமோட்டோ தானே ஒரு சம்மட்டி கொண்டுவந்திருந்தார்.

அப்போதுதான் டாக்சி வந்து நின்றது. ஹதானோ கோலை ஊன்றி இறங்கினார். கூட்டம் தன்னையறியாமல் வழிவிட்டது. விட்ட பிறகு, ஏன் விட்டோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குனி, அந்தப் பலகையைத் தூக்கி வண்டில வைடா."

"முடியாது ஹதானோ ஐயா."

கிழவரின் கோல் அசையாமல் நின்றது. "ஐயாவா? அப்பான்னு சொல்ல நாக்கு வரலியா?"

"வரல. அந்தக் கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"பொன்னெழுத்துத் துண்டையாவது குடு. ஹதானோன்னு எம்பேரு இருக்கு அதுல."

"இடிக்கிற இடத்துக் கழிவை வெளியாளுக்குக் குடுக்கக் கூடாது. சட்டம்."

"சட்டமா! எங்கிட்டயே சட்டம் பேசுறியா?"

"அஞ்சு வருஷம் அது எங்கிட்ட மட்டும் பேசிச்சு. இன்னிக்கு நான் பேசுறேன்."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். குசுமோட்டோ முகம் மலர்ந்து சம்மட்டியை நீட்டினார். "அப்படிப் போடு! இந்தா, ஓங்கி அடி. எல்லாரும் படம் எடுக்கணும்."

நகசே அதை வாங்கவில்லை.

"சம்மட்டி வேணாம். உடைச்சா சிம்பு பறக்கும், லாரில அடுக்க முடியாது. அரை மீட்டர் அரை மீட்டரா அறுத்து மரக் குவியல்ல போடணும். இரும்பு இரும்புக்கு, மரம் மரத்துக்கு."

"அவ்வளவுதானா? கதவுப் பலகை மாதிரியா?"

"கதவுப் பலகை மாதிரிதான்."

"பாத்தீங்களா!" குசுமோட்டோ கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "கை வரல இவனுக்கு! முப்பது வருஷம் இவனுக தோரணத்தை வாங்கினேன். ஒரு வருஷம் மாட்டேன்னு சொன்னதுக்குக் கடைக் கண்ணாடி போச்சு. தொமொயே அம்மா, ஆளை மாத்துங்க. இப்பவே!"

தொமொயே வாயைத் திறப்பதற்குள் நகசே குசுமோட்டோ பக்கம் போய் நின்றார்.

"அந்தத் தோரணத்தைக் கொண்டுவந்தது நான். கண்ணாடி உடைஞ்ச அன்னிக்குத் தெருமுனையில நின்னதும் நான்தான். நீங்க என்னைத் திட்டுங்க, துப்புங்க, நிக்கிறேன். ஆனா வேடிக்கை காட்ட மாட்டேன். அந்தப் பலகைக்காக ஒரு தடவை இந்தக் கையை வச்சு வேடிக்கை காட்டினேன், எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க. இன்னொரு தடவை யாருக்காகவும் காட்ட மாட்டேன். உங்களுக்காகவும்."

சொல்லிவிட்டு இடது கையுறையைக் கழற்றினார். பஞ்சு தரையில் விழுந்தது.

"கையை மூடு!" என்றார் குசுமோட்டோ.

"பஞ்சு விரலை வச்சுக்கிட்டு ரம்பம் பிடிச்சா மிச்சமும் போயிடும். பாக்கிறவங்க பாக்கட்டும்."

தொமொயே முன்னால் வந்தாள். "ஆளை மாத்த முடியாதுங்க. இங்க மெஷினுக்குச் சான்றிதழ் வச்சிருக்கிறவரு இவர் ஒருத்தர்தான். புகார் எழுதுறதுன்னா எழுதுங்க, எம்பேரை எழுதுங்க."

நகசே ரம்பத்தை வைத்து இழுத்தார். பழைய மரம், இறுகிப் போயிருந்தது. மூன்றாவது இழுப்பில் பலகை ஆடி நழுவியது. அதை அழுத்திப் பிடிக்கச் சுண்டு விரல் வேண்டும். ஹதானோ சிரித்தார்.

"எங்கிட்ட நல்ல மரம்தான்டா இருந்துச்சு. மூணரை விரல்ல அறுபடாது."

"நாலு" என்றார் நகசே. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்: "குசுமோட்டோ ஐயா, அந்த முனையைப் பிடிங்க. ஆடுது."

குசுமோட்டோ அசையவில்லை. சம்மட்டி கையிலேயே இருந்தது. கூட்டத்தில் போன்கள் அவர் பக்கம் திரும்பின. அவர் அவற்றைப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார், சம்மட்டியைக் கீழே போட்டார். போய்ப் பலகையின் முனையில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்புப் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்கினார்.

"ம். இழு."

மரத்தூள் அவர் காலணிமேல் விழுந்தது. முதல் துண்டு கீழே விழுந்ததும் அடுத்த அளவுக்கு நகசே பென்சிலால் கோடு போட்டார். கோடு பொன்னெழுத்தின் நடுவில் போனது. அவர் அதை நகர்த்திப் போடவில்லை.

"நேரா இழு, கோணுது" என்றார் குசுமோட்டோ.

"முடி வெட்டுறவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் நகசே.

ஹதானோ கடைசித் துண்டு லாரியில் விழும்வரை நின்றார். கோலை ஒரு முறை தரையில் தட்டினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

குசுமோட்டோ மூச்சு வாங்க நிமிர்ந்தார். "புகார் எழுத மாட்டேன். மன்னிச்சிட்டேன்னும் நினைச்சுக்காத."

"நான் கேக்கலியே" என்றார் நகசே.

கழற்றிய கையுறையை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வேலைக்கு வாசலை நோக்கி நடந்தார். படியில் கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு பூட்ஸோடு உள்ளே போனார்.