ஓஸ் பிடிக்கிற மச்சான்

வில்பிரட் கஞ்சியையும் மென்றுதான் குடிக்கிறார். ஒவ்வொரு வாய்க்கும் தாடை அரைத்துக்கொண்டே இருக்கும், கண் மூடியிருக்கும். நடுவில் யாராவது பேச வந்தால் கையை மட்டும் உயர்த்தி நிறுத்துவார். "எச்சி சேந்து உள்ள போணும் சார். அப்பத்தான் ஒடம்புல ஒட்டும்" என்பது அவர் சித்தாந்தம். கஞ்சிக்கு முன்பே கடற்கரை மணலில் செருப்பில்லாமல் ஒரு நீண்ட நடை முடிந்திருக்கும். டீ கிடையாது, பீடி கிடையாது. இருட்டிய கையோடு படுத்துவிடுவார். அதற்கப்புறம் போன் செய்தவனுக்கு மறுநாள் நல்ல வசவு கிடைக்கும். சங்கு குளிப்பவர்களைப் பற்றி எழுத வந்த என் வயிற்றை முதல் சந்திப்பிலேயே விரலால் குத்திப் பார்த்து, "இது என்ன சார், ஹார்பர் குடோனா?" என்று கேட்டவர் அவர்.

வயது நாற்பத்தைந்து. முன்பு சங்கு குளித்தவர். ஒரு காதின் சவ்வு கிழிந்தபிறகு தண்ணீரில் இறங்குவதில்லை. உடம்பைக் கொண்டாட ஆரம்பித்ததும் அப்போதுதான். இப்போது வள்ளத்தில் உட்கார்ந்து, தங்கை ஸ்டெபியின் புருஷன் அனிஷுக்கு ஓஸ் பிடிக்கிறார். வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து அந்த ரப்பர் ஓஸ் குழாய் வழியாகத்தான் கடலடியில் சங்கு பொறுக்குகிறவன் வாய்க்குக் காற்று போக வேண்டும். ஓஸ் மடங்கினாலோ, பிடிக்கிறவன் கண்ணயர்ந்தாலோ முடிந்தது கதை.

அந்த வேலைக்கு மச்சானைத்தான் வைப்பார்கள். முத்துக்குளிக்கக் கயிறு கட்டி இறங்கிய நாளிலிருந்து உள்ள வழக்கம், கம்ப்ரசர் வந்தும் மாறவில்லை. கூடப்பிறந்த தம்பிக்குக்கூடச் சொத்தாசை வரலாம், தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கல்யாணமான கையோடு ஸ்டெபி அடம்பிடித்தாளாம்: "எங்கண்ணன் ஓஸ் புடிச்சாத்தான் இவுகள கடலுக்கு விடுவேன்." இதை என்னிடம் சொன்னபோது வில்பிரட்டுக்கு முகமெல்லாம் பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து, ஸ்டெபி வீட்டில் எனக்குச் சாப்பாடு. அனிஷ் சோற்றைக் கிண்டிக்கொண்டே இருந்தான். இருபத்தெட்டு வயதுக்காரனுக்குக் கண்ணுக்குக் கீழே குழி. சும்மா இருக்கும்போதும் பல்லை நறநறவென்று கடித்தான். கடலுக்குப் போகாத நாளிலும் அவனுக்குத் தூக்கமில்லை என்றாள் ஸ்டெபி. ஜாதிக்காயை உரசிப் பாலில் கொடுக்கிறாள். உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துவிடுகிறாள். எதுவும் பலிக்கவில்லை.

"தொட்டுப் பாத்தா நெஞ்சு தடதடன்னு அடிக்கி. கேட்டா ஒண்ணுமில்லங்காக. நீ கூடவே இருக்கியே, என்னன்னு பாருண்ணே."

"ஏளா, நான் இருக்கேம்லா. நீ ஏன் பயப்படுத?" என்றார் வில்பிரட், மீனை மென்றபடி. அனிஷ் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

மறுநாள் அவர்களோடு வள்ளத்தில் போனபோதுதான் எனக்கு விளங்கியது. கரை கண்ணுக்கு மறைந்ததும் வில்பிரட் மடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். விடிய விடிய கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்களில் சிலர் தூக்கம் வராமலிருக்கப் போட்டுக்கொள்ளும் மாத்திரை. ஆள் தெரிந்தால் கிடைக்குமாம். அனிஷ் ஒன்றை விழுங்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. "சும்மா குளிக்கவன் சீக்கிரம் களைச்சிருவான் சார். குளிரும். மேல வந்து உக்காந்துக்கிடுவான். இதப் போட்டா களைப்பே தெரியாது. மத்த வள்ளத்துலயும் குடுக்காங்க. நம்ம மட்டும் குடுக்கலன்னா சங்கு கொறையும், வள்ளக்காரரு வேற ஆளப் பாத்துருவாரு."

"களைப்பு தெரிஞ்சாத்தானே மேல வரணும்னு அவனுக்குத் தோணும்?"

"அதுக்குத்தான நான் கண்ணக் கொட்டாம உக்காந்திருக்கேன்."

அது உண்மை. அதுதான் எனக்குக் கசக்கிறது. பிள்ளையின் கையைப் பிடிப்பதுபோல அந்த ஓஸைப் பிடித்திருந்தார். கம்ப்ரசர் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினார். அந்த நடையும் கஞ்சியும் தூக்கமும் அவரை இப்படிக் கூர்மையாக வைத்திருக்கின்றன, இன்னொருவனைச் சாகாமல் கசக்கிப் பிழிவதற்காக. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க எப்பவாவது போட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"சீ!" பதறிப்போனார். "ஒடம்பு ஆண்டவர் குடுத்தது சார். நம்மளே கெடுக்கலாமா?"

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

வெயில் ஏறியபின் அனிஷ் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். வலைப்பையில் சங்கு நிறைந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது, விளிம்பைப் பிடித்த விரல்கள் உதறிக்கொண்டிருந்தன.

"போதும் மச்சான். நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

"ஏலே, அங்கன இன்னும் கெடக்குன்னு நீதான சொன்ன? நாளைக்கு வேற வள்ளத்துக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருவான். இன்னும் ஒரே தடவ, மாப்ள."

"ஸ்டெபிக்குத் தெரிஞ்சா..."

"அவளுக்கு யாரு சொல்லப்போறா?"

கரைக்குத் திரும்பலாம் என்று நான் கத்தினேன். கம்ப்ரசர் சத்தத்தையும் மீறித்தான் கத்தினேன். வில்பிரட் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டைக் குடிதண்ணீரில் நனைத்து அனிஷின் மூக்கைப் பதமாகத் துடைத்தார். பிறகு ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். அனிஷ் அதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிறவனைப்போல், கண்ணை மூடி நாக்கை நீட்டினான். வில்பிரட் மாத்திரையை நாக்கில் வைத்தார். அவன் விழுங்கும்வரை பொறுத்திருந்து, ஓஸ் நுனியை வாயில் கொடுத்தார். கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை போட்டு, அதே கையால் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்.