காப்பி மேல் போட்ட பழி

பின்லாந்தின் குவோப்பியோ நகர நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பழைய லேப்டாப்புகளில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுப்பவர்களில் ரைமோவும் ஒருவர். தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்வார். "தெரியாது" மட்டும் அவர் வாயில் வராது.

பனி உருகத் தொடங்கிய நேரத்தில் இர்யா என்ற பெண் தன் லேப்டாப்போடு வந்தாள். லினக்ஸ் ஏறத் தொடங்கியதுமே திரை உறைந்து நின்றது. ரைமோ அணைத்துப் போட்டார்; பென்டிரைவை மாற்றினார்; மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுமேல எதையாவது கொட்டினீங்களா?"

"கிறிஸ்துமஸ்ல என் வீட்டுக்காரர் கொஞ்சம் காப்பி... ஆனா காலைலகூட விண்டோஸ் நல்லாத்தான் ஓடுச்சு."

"அதான் பார்த்தேன். காப்பி உள்ள இறங்கிடுச்சு. தூக்கிப் போட வேண்டியதுதான்."

யாரோ சிரித்தார்கள். முகம் சிவந்துபோன இர்யா, "உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்" என்று சொல்லி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில நாளில் ரைமோவின் தங்கை லேப்டாப்பும் அதேபோல உறைந்தது. அதில் யாரும் எதுவும் கொட்டவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாததால் பொறுமையாகத் தேடினார். திரையை இயக்கும் சில்லுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. தொடக்கப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். சேர்த்தார், தடையில்லாமல் ஏறியது. அவருக்குக் காது மடல் சுட்டது.

நூலகப் பதிவேட்டில் முகவரி பார்த்து அன்றே இர்யா வீட்டுக்குப் போனார். அவள் கணவர் பெந்தி கதவைத் திறந்தார். ரைமோ யார் என்று தெரிந்ததும் பெந்தியின் தலை குனிந்தது.

"என் காப்பிதானே கெடுத்துச்சு? ஒரு வாரமா மன்னிப்புக் கேட்டுட்டிருக்கேன். அவ முகங்கொடுத்தே பேசல."

ரைமோ வாசலிலேயே நின்று சொன்னார்: "உங்க காப்பி ஒண்ணும் செய்யல. எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து இர்யா வந்து நின்றாள். "அன்னைக்கு நான் இவரை என்னென்ன பேசினேன் தெரியுமா?"

தெரியாது என்று ரைமோ தலையசைத்தார்.

குப்பைக்குப் போட விறகுக் கொட்டகையில் வைத்திருந்த லேப்டாப்பைப் பெந்தி எடுத்து வந்தார். கொட்டகைக் குளிரில் சில்லிட்டிருந்த அது அறைச் சூட்டுக்கு வரும்வரை மூவரும் காத்திருந்தார்கள். பிறகு அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் லினக்ஸ் முழுதாக ஏறியது. சில்லுக்குரிய டிரைவர் மென்பொருளையும் போட்டுவிட்டு ரைமோ எழுந்தார். யாரும் காப்பி தரவில்லை.

"அத்தனை பேர் முன்னாடி காப்பின்னு சொன்னீங்கல்ல, இதையும் அங்க சொல்லுங்க" என்றாள் இர்யா.

அடுத்த சனிக்கிழமை ரைமோ நூலகம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போய், எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னார்.

"எந்த லேப்டாப்?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர்களுக்கும் நினைவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.