ஞாயிற்றுக்கிழமை பேசாத பேய்

என் தங்கைக்குள் ஒரு பேய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அது லீவு எடுத்துக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்பதில் எனக்கு அப்போது பெருமை வேறு.

ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா கிண்டியில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். ஐந்து வயதாகியும் தங்கை பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். பால்வாடியில் சமாளிக்க முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அதனால் நான் பள்ளி விட்டு வரும்வரை அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவோம். எங்கள் சந்தில் அப்படிப் பூட்டிய கதவுகள் இன்னும் இரண்டு இருந்தன.

ஒரு மாலை கரண்ட் போயிருந்தது. இருட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கை வாய் திறந்தாள். வந்தது ஒரு பெரிய பெண்ணின் குரல்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு…”

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் சொல்லி முடித்த பிறகுதான் ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் அதே வார்த்தைகள் வந்தன. பிறகு ரயில் வந்தது, அம்மாவும் வந்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தக் குரல்தான். ரயில் தாமதமானால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். அம்மா வீட்டில் இருக்கும் ஞாயிறன்று மட்டும் எத்தனை ரயில் போனாலும் பேச்சு வராது.

அத்தை ஒருநாள் வந்து கேட்டுவிட்டு வெளிறிப்போனாள். “இது புள்ளையோட கொரல் இல்ல. தண்டவாளத்துல அடிபட்டு செத்துப் போனவ எவளோ உள்ள பூந்துகினு பேசறா.”

மந்திரித்த கயிறு கட்டினார்கள். ஜன்னலை அடைக்கச் சொன்னாள் அத்தை. அட்டையை வைத்து ஆணி அடித்தவள் நான்தான். தங்கை அதை நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். பத்து நாளில் குரல் நின்றது. அம்மா கோயிலில் கற்பூரம் ஏற்றினாள்.

சில மாதம் கழித்து, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளைப் பார்க்கும் ஸ்பெஷல் டீச்சர் வீடு தேடி வந்தார். இப்படிப்பட்ட பிள்ளைகள் இந்தப் பக்கம் கூடிக்கொண்டே போகிறார்கள், எல்லா பள்ளிக்கும் தான் ஒருத்திதான் என்று அலுத்துக்கொண்டார். பிள்ளை ஏதாவது பேசுவாளா என்று கேட்டார்.

“முன்ன பேசிகினு இருந்துச்சு மேடம்,” என்றாள் அம்மா. “கயிறு கட்டினோம், நின்னுடுச்சு. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல.”

என்ன பேசினாள், எப்போது பேசினாள் என்று டீச்சர் கேட்டார். நான் முந்திக்கொண்டு எல்லாம் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை லீவு உட்பட. அவர் எழுதுவதை நிறுத்தினார். ஜன்னல் அட்டையைப் பார்த்தார்.

“நீங்க எந்த ட்ரெயின்லம்மா வருவீங்க?”

பேயைப் பற்றிப் பேசும்போது ரயிலைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவைக் கூப்பிட என் தங்கைக்குத் தெரிந்த ஒரே சொல் அந்த ரயில் அறிவிப்புதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அதன் மேல்தான் நான் ஆணி அடித்திருந்தேன்.