அம்மாசியின் அகல டயர்

கொட்டச்சேடு அம்மாசி கடிகாரத்தை நம்பமாட்டார். வெயிலைப் பார்த்துத்தான் மணி சொல்வார். ஏற்காட்டு வெயிலை மட்டும் எப்படி நம்புவது என்று பிறகு அதிலும் ஒரு சந்தேகம் வரும்.

புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்த வாரமே, வேறொன்று அவரை அரிக்கத் தொடங்கியது. மலையேறி வரும் வெளியூர்க்காரர்களின் பெரிய வண்டிகளுக்கெல்லாம் டயர் எருமை முதுகு மாதிரி இருக்கிறது. தன் காருக்கு மட்டும் ஏன் ஒல்லி?

"கம்பெனிக்காரன் ரப்பரை மிச்சம் புடிச்சிட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சேலத்தில் பழைய டயர் விற்பவனிடம் அகலமான நான்கு வாங்கி, அதே ரிம்மில் ஏற்றினார். கழற்றிய புது டயர்கள், காற்றுக்குத் தகரம் பறக்காமலிருக்க வீட்டுக் கூரைமேல் போயின. கீழே வைத்தால் எவனாவது தூக்கிவிடுவான்.

அன்றிலிருந்து கார் கொண்டை ஊசி வளைவுகளில் ஆட ஆரம்பித்தது. பயணிகள் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். அப்புறம் ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்கார சேகர்மேல் கண் போனது. அவன் திறந்து கைவைத்தால் அறுந்து காட்டிக்கொடுக்கட்டும் என்று பானட்டில் நூல் கட்டி வைத்தார். நூல் அறுபடவே இல்லை. சேகர் எவ்வளவு கைதேர்ந்தவன் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

மகள் கவிப்பிரியாவுக்கு நிறைமாதம். பிரசவத்துக்குச் சேலம் இறங்க வேண்டும். அடுத்தவன் வண்டியில் மகளை ஏற்றுவதா? அவர் கனவிலும் நினைக்காதது. அவளோ கடைவீதிவரை ஒருமுறை போய்வந்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"அப்பா, படகுல போறாப்ல ஆடுதுங்க. வயித்தைப் புடிச்சிட்டு உட்கார முடியல. நான் பஸ்லயே போறனுங்க."

"பஸ்ஸா! அந்த டிரைவர் யாருன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?"

"உங்களைத் தெரியுமுங்க. அதான் பயமா இருக்குது."

அம்மாசிக்குச் சுருக்கென்றது. நேராகக் காரை டயர் கடை சுதாராணியிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் குனிந்து ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"ஏனுங்ணா, ரிம்மு குறுகல், டயரு நொம்ப அகலம். குண்டு ஆளு சின்ன ஸ்டூல்ல உட்கார்ந்தாப்ல ரெண்டு பக்கமும் பிதுங்கிட்டு நிக்குது பாருங்க. திரும்பையில அந்தப் பிதுங்கல் சாயுது, வண்டி ஆடுது. ரிம்மு அகலத்துக்கு ஏத்த டயருதான் போடோணும்."

"உன்ர கடையில அகல டயரு இருக்குதா அம்மிணி?"

"இல்லீங்ணா."

"அதான பார்த்தேன்."

சுதாராணி சிரித்துவிட்டாள். "என்னை நம்பாதீங்க. டயருக்குக் குறுக்கால சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, நேரா கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. எங்க தரையில படுதோ அங்க அழிஞ்சிரும்."

அவள் நீட்டிய சாக்பீஸை அவர் வாங்கவில்லை. டீக்கடைப் பலகையில் விலை எழுதும் சாக்பீஸைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே கோடு போட்டு, ஏரிக்கரைவரை ஓட்டி இறங்கிப் பார்த்தார். நடுவில் மட்டும் அழிந்திருந்தது. ஓரங்களில் கோடு அப்படியே இருந்தது. ஆசைப்பட்டு வாங்கிய அகலத்தில் பாதி ரோட்டையே தொடவில்லை!

ஏமாற்றியது கம்பெனியா, சேலத்துக்காரனா என்று வழியெல்லாம் யோசித்தார். அந்த வரிசையில் தன் பெயர் வந்தபோது மட்டும் ஹாரன் அடித்தார்.

"ஏனுங்க, ஊட்டு மேல என்ன பண்றீங்க?" என்று மனைவி அருக்காணி கீழிருந்து கத்தினாள்.

"தகரத்துக்குக் கல்லு போதும். டயரைப் புடி."

கூரையிலிருந்து இறக்கிய புது டயர்களைச் சுதாராணி மறுபடி மாட்டும்போது பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தார்.

கவிப்பிரியா தயங்கித்தான் ஏறினாள். முதல் வளைவில் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். கார் ஆடாமல் திரும்பியது. நாலைந்து வளைவு தாண்டியதும் பின்னால் பேச்சே இல்லை. அம்மாசி கண்ணாடியில் பார்த்தார். மகள் கண் மூடியிருந்தாள்.

தன் வண்டியில் இவள் தூங்குவதாவது! அப்பன் மனசு நோகக் கூடாதென்று நடிக்கிறாள். அடுத்த வளைவிலும் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, அருக்காணியின் தோளில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

நடிப்பில் எச்சில் வராது. அம்மாசி முதன்முறையாக ஒன்றை அப்படியே நம்பினார்; ஹாரன்கூட அடிக்காமல் மலையிறங்கினார்.