வாக்குக் கொடுக்காதவர்

விழுப்புரத்தில் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கட்சிக் கரையில்லாத வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். இரண்டு முறை தேர்தலில் நின்று தோற்றவராம். அரசியல் வெறுத்துப்போய், இப்போதெல்லாம் எதற்கும் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஆள்கூட்டம் நிற்கும் நிறுத்தம் வந்தால் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

விக்கிரவாண்டியில் ஏறிய ஒரு பெண், மல்லாட்டைக் கடலைப் பையை அவர் காலடியில் வைத்தாள். "பின்னாடிதான் சீட்டு இருக்குது. இதைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களாண்ணா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. தூங்கினாலும் தூங்கிடுவேன். செய்றேன் செய்றேன்னு பொய் சொல்லிக்கினு திரிஞ்சதெல்லாம் போதும்."

அவள் சிரித்துவிட்டாள். "இப்படி உள்ளதைச் சொல்ற ஆளு எலெக்‌ஷன்ல நின்னா நானே ஓட்டுப் போடுவேன்."

அவருடைய கைகள் இரண்டும் தாமாகவே மார்புக்கு நேரே குவிந்தன. எழுந்தே நின்றுவிட்டார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு? வீட்டுல எத்தினி ஓட்டு?"

கேட்டுக்கொண்டே அவள் பின்னால் போனார். கடைசி சீட்டு வரைக்கும் குவித்த கை இறங்கவில்லை.

திண்டிவனம் வரும்வரை பையை நான்தான் பார்த்துக்கொண்டேன்.